பத்து வருடம் தேய்த்த கழுத்து: ஒரு நிகழ்வு ஆய்வு

பங்குனி மாதத்து மத்தியானம். நாகர்கோவிலில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். அந்த வெயிலில் ஒரு பெண் துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முனையைத் தோளில் பின் குத்திக்கொண்டு மனநல ஆலோசனைக்காக என் அறைக்குள் வந்தாள். வயது 23. கூடவே அம்மா. என் அறையில் புத்தக அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. அதில் தன் உருவம் தெரிவதைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அம்மாதான் பேசினார். "ஒரு கல்யாண வீட்டுக்கு வரமாட்டேங்கா மேடம். காலேஜுக்கும் போகமாட்டேங்கா. கேட்டா தலவலிங்கா, வயித்துவலிங்கா. எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல."

இதை எழுத அந்தப் பெண் சம்மதித்திருக்கிறாள். எழுதியதை வாசித்தும் பார்த்தாள். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்குளம் வட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராமம், எம்.எஸ்சி. இரண்டாம் வருடம், வீட்டில் மூத்த பிள்ளை, 13 வயதில் ஒரு தங்கை என்பது போதும்.

வந்த காரணம்

ஆறு வாரமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகு காரணத்தைக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள். வகுப்பில் அவள் செமினார் எடுக்க வேண்டிய முறை. போர்டில் எழுத வேண்டும். எழுதத் திரும்பினால் பின்கழுத்து முப்பது பேருக்குத் தெரியும்.

அவ்வளவுதான் காரணம். படிப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள், போர்டுக்கு முன்னால் திரும்பி நிற்க முடியாமல் படிப்பையே விடப் பார்த்தாள். இதைச் 'சின்ன விஷயம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

காலையில் எழும்பியதிலிருந்து ஒரு நாளை அப்படியே சொல்லச் சொன்னேன். இந்த மாதிரி விஷயத்தில் 'உனக்கு என்ன கவலை' என்று கேட்பதைவிட 'நேற்று என்ன செய்தாய்' என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். ஐந்தரைக்கு எழும்புகிறாள். குளியலறையில் அரை மணி நேரம் கழுத்துக்கு மட்டும்: முதலில் எலுமிச்சை மூடியும் சர்க்கரையும், அப்புறம் தேங்காய் நார். வெளியே வந்ததும் போனைத் தலைக்குப் பின்னால் பிடித்து ஒரு படம், பெரிதாக்கிப் பார்த்தல். ஒரு வாரம் எண்ணச் சொன்னபோது நாளொன்றுக்குச் சுமார் 40 தடவை வந்தது. காலையில் சாப்பாடு கிடையாது. மத்தியானம் கொஞ்சம் சோறு. ராத்திரி எல்லோரும் உறங்கின பிறகு ஏத்தங்காய் சிப்ஸ், பெரும்பாலும் பாக்கெட் முழுவதும். தின்று முடித்த கையோடு தன்னைத் திட்டத் தொடங்குவாள். அந்தத் திட்டு அடுத்த நாள் காலை நார் கையில் வரும்வரை ஓடும்.

முகத்துக்கு ஒரு க்ரீமும் இரண்டு வருடமாகப் போட்டு வந்தாள். மெடிக்கல் ஸ்டோரில் "வெளுக்கதுக்கு" என்று கேட்டு வாங்கியது. ட்யூபைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன்: ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன் மூன்றும் கலந்தது. மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு மட்டும் போட வேண்டிய மருந்து அது. நாள்கணக்கில்லாமல் போட்டால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், வெயில் பட்டால் எரியும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும். அதனால் நிறுத்தவும் பயம். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனால் சீட்டில்லாமல் வாங்கிப் போட்ட முகங்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொடக்கம்

அவளுக்கு 13 வயது. கல்யாண வீடு, அடுக்களைப் பக்கம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அத்தை அவள் சடையை ஒதுக்கிப் பின்கழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஏட்டி, கழுத்துல இம்புட்டு அழுக்கு இருக்கே. தேச்சுக் குளிக்கமாட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தையைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது; இவள் பள்ளிக்குப் போக வருடா வருடம் பேக் வாங்கித் தருகிறவர் அவர்தான். அன்று ராத்திரி இவள் முதல் முறையாக நாரை எடுத்தாள்.

அப்புறம் மாதவிலக்கு தவறத் தொடங்கியது, எடை கூடியது, தாடையில் முடி வந்தது. பள்ளியில் ஒரு பட்டப்பெயர். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. 22 வயதில் ஒரு கல்யாணத் தரகர், இவர்கள் வீட்டுத் திண்ணையில் சாயா குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது: "பிள்ள கொள்ளாம். நெறந்தான் கொஞ்சம் கொறவு. கொஞ்சம் தடியுங் கொறச்சா பாக்கலாம்."

என் தவறு

இரண்டாவது சந்திப்பில் ஒரு பிழை செய்தேன். அவள் தன்னைப் பற்றி அடுக்கிக்கொண்டே போனபோது தாங்க முடியாமல், "இல்ல மக்ளே, நீ அழகாத்தான் இருக்க" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள், புன்னகை செய்தாள், அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

பிறகு சொன்னாள்: "அம்மாவும் அதத்தான் சொல்லுவா மேடம். நீங்களும் சொன்னதும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, மறைக்கியன்னு நெனச்சேன்." சரியாகத்தான் நினைத்திருக்கிறாள். 'அழகு' என்று நான் சான்றிதழ் கொடுத்தால், அழகை அளக்கும் தராசை நானும் கையில் எடுத்துவிட்டேன் என்றுதான் பொருள். அவள் நின்றுகொண்டிருந்த இடமே அந்தத் தராசின் தட்டு. இப்போது இந்த வார்த்தையை நான் அறைக்குள் சொல்வதில்லை.

மதிப்பீடு

மூன்றாவது சந்திப்பில்தான் துப்பட்டாவை எடுத்தாள். பின்கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு, வெல்வெட் துணி மாதிரி தடிப்பு. அதன்மேல் குறுக்கும் மறுக்குமாகச் சிவந்த கீறல்கள். இரண்டு இடத்தில் பொருக்கு கட்டியிருந்தது, ஒன்று அன்று காலையில்தான் உரிந்திருந்தது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27க்கு 15 வந்தது. சாவதைப் பற்றி நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயந்து பலர் கேட்பதில்லை. கேட்பதால் வருவதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். "செத்துப்போணும்னு இல்ல மேடம். யாரு கண்ணுலயும் படாம இருந்தாப் போதும்." வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது இரண்டும் இல்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டராக இருக்குமோ என்றும் யோசித்தேன். அதில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது லேசாகத் தெரியும் ஒரு குறை மனதை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். இவள் கழுத்துக் கறுப்போ எல்லோருக்கும் தெரிகிற ஒன்று. ஆகவே 'அப்படி ஒன்றும் இல்லை' என்ற ஆறுதல் இங்கே பொய்யாகிவிடும். இருப்பதை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது.

முதல் வேலையாகத் தோல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினேன். பி.சி.ஓ.எஸ். என்று உறுதியானது; மாதவிலக்கைத் தவறவைக்கும் ஹார்மோன் கோளாறு அது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 5.9 வந்தது; 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. கழுத்துக் கறுப்புக்கு அக்காந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அந்த மிகுதி தோலின் செல்களை வேகமாக வளரவைத்து, மடிப்பு விழும் இடங்களில் தோலைத் தடிக்கவும் கறுக்கவும் செய்யும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு இன்னும் கறுக்கும்.

தோல் மருத்துவர் சொன்னதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் குரல் உடைந்தது. "அது அழுக்கு இல்லியாம் மேடம்." அதையே மூன்று தடவை சொன்னாள். பத்து வருடம், தினம் அரை மணி நேரம். நான் எதுவும் பேசவில்லை, அழ விட்டேன்.

நடந்தது

காரணம் தெரிந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆகவும் இல்லை. நார் ஒரு வாரம் ஓய்ந்தது, மறுவாரம் திரும்ப வந்தது. "அழுக்கில்லன்னு தெரியுது, ஆனா கை போவுது" என்றாள்.

நான் பின்பற்றியது சி.பி.டி. என்ற அறிதல்-நடத்தைச் சிகிச்சை முறை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியது: நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் நடுவே மின்னல் மாதிரி ஓடி மறையும் எண்ணத்தைப் பிடித்து எழுதிப் பார்ப்பது. ஆனால் வழக்கமான அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றினேன். 'இதற்கு ஆதாரம் என்ன' என்ற கட்டம் இவளுக்கு வேலை செய்யவில்லை. வழக்கறிஞர் மாதிரித் தனக்கெதிராகவே ஆதாரம் திரட்டினாள். அந்த இடத்தில் 'இதை முதலில் சொன்னது யார்' என்று எழுதச் சொன்னேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் வாரம் 31 வாக்கியங்கள். 'குளிக்காதவ மாதிரி இருக்க' அத்தை. 'தடியக் கொற' தரகர். பட்டப்பெயர், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். 'போட்டோவுல நிக்காத, மொத்தப் படமும் கெட்டுப்போவும்' என்ற வாக்கியத்துக்கு நேரே மட்டும் இடம் காலியாக இருந்தது. யாரும் சொன்ன ஓர்மை இல்லை என்றாள். இரண்டு நாள் கழித்துப் போனில் சொன்னாள்: "அம்மா மேடம். என்னச் சொல்லல்ல, அவளப் பத்திச் சொல்லுவா. எந்த விசேஷத்துலயும் போட்டோ எடுத்தா அடுக்களைக்குப் போயிருவா. எங்க வீட்டு ஆல்பத்துல அம்மா இல்ல."

நான் இந்த மாவட்டத்துக்காரி. பெண்ணின் உடம்பை ஊர் அளப்பது இங்கே நேற்று வந்ததில்லை. அன்று இது திருவிதாங்கூரின் தென்பகுதி. நாடார் பெண்கள் மேலாடை அணிவதைத் தடுத்த கட்டுப்பாட்டை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்து, 1859 ஜூலை 26 அன்று அனுமதி வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலைப் போராட்டம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெண்கள் தலைநிமிர்வதற்காகப் போராடிப் பெற்ற துணி அது. என் முன்னால் அதைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றி ஒளிந்துகொண்டு ஒரு பிள்ளை. இதை அவளிடம் ஒரு நாள் சொன்னேன். சிகிச்சை நுட்பமாகச் சொல்லவில்லை, மனது தாங்காமல்தான் சொன்னேன். அவள் பின்னை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஆறாவது சந்திப்புக்கு முன்னால் நடந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் திருப்பியது. விடியற்காலையில் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். தங்கை வெளியே வந்தாள், கையில் நார், கழுத்து சிவந்திருந்தது. 'அக்கா தேய்க்கது மாதிரிதான் தேச்சேன்' என்றாளாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நாரப் புடுங்கி எறிஞ்சேன். அது அழுக்கு இல்லட்டி, உள்ள இன்சுலின் கூடுது, ஒன் தப்பு ஒண்ணுமில்ல, டாக்டர்ட்ட போவோம்னு சொன்னேன். எண்ண தேச்சுவிட்டேன்."

அதை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதினாள். 'தங்கச்சி' என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டு வாசி என்றேன். முதல் வரியில் குரல் நின்றுவிட்டது. அன்று வாசிக்க முடியவில்லை. அடுத்த வாரம்தான் வாசித்தாள். தன்னிடம் பரிவு காட்டுவதைப் பற்றி 2003இல் எழுதிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் அதை மூன்றாகப் பிரிக்கிறார்: தன்னிடம் கனிவு, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்ற உணர்வு, வலியை ஊதாமலும் ஒளிக்காமலும் பார்ப்பது. இந்த மூன்றும் விடியற்காலை ஐந்தரைக்குத் தங்கையிடம் சொன்ன அந்த ஒரு மூச்சுப் பேச்சில் இருந்தன. நான் கற்றுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. திசையை மட்டும் அவள் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

கண்ணாடி

கண்ணாடிப் பயிற்சியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். முழு உருவம் தெரியும் கண்ணாடி முன் நின்று, தலை முதல் கால் வரை, தீர்ப்புச் சொல்லாமல் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டால் எதிர்விளைவு வரும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

வழியை அவளே கொண்டுவந்தாள். அவள் பாட்டி அய்யாவழிக்காரர். சின்ன வயதில் பாட்டியோடு அய்யாவழியின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்குப் போவாள். அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியில் சிலை கிடையாது. சுவாமிதோப்புத் தலைமைப்பதியிலும் சரி, ஊர்தோறும் உள்ள நிழல்தாங்கல்களிலும் சரி, பள்ளியறை என்னும் கருவறையில் கண்ணாடிதான். வணங்க நிற்கிறவர் அதில் தன்னையே பார்ப்பார். இறைவன் உனக்குள் இருக்கிறான் என்பது அதன் பொருள். "அங்க மட்டும் கண்ணாடி பாத்தா ஒண்ணும் தோணாது மேடம். நெத்தியில நாமத்தோட என்னப் பாத்து நானே கும்பிட்டுட்டு வருவேன்."

எல்லோருடைய நம்பிக்கையையும் சிகிச்சைக்குள் இழுப்பது எனக்குப் பிடிக்காது. இது அவளே கொடுத்தது, அவளுக்குச் சொந்தமானது. அந்த நிற்பை, அந்தப் பார்வையை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டு பீரோக் கண்ணாடி முன் நில் என்றேன். முதல் நாள் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பத்து. 'அசிங்கமான கழுத்து' என்று வாயில் வந்தால் அதை அழித்து, 'பின்கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு, கீறல் ஆறியிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் அவள் பட்டியலில் நான் கேட்காத ஒன்று இருந்தது: 'தோள் பாட்டி தோள் மாதிரி இருக்கிறது.'

வெளியே

அதற்கு நடுவே சின்னச் சின்னப் பரிசோதனைகள். வடசேரி பேருந்து நிலையத்தில் துப்பட்டா சுற்றாமல், சடையை முன்னால் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நிற்க வேண்டும். போகும் முன் எழுதினாள்: 'பத்துப் பேராவது பார்ப்பாங்க, நாலு பேர் சிரிப்பாங்க.' திரும்பி வந்து எழுதியது: 'பார்த்தவங்க 2. சிரிச்சவங்க இல்ல. மீன் வட்டியோட ஒரு பாட்டி, மார்த்தாண்டம் பஸ் போயிட்டா மக்ளேன்னு கேட்டாங்க.'

போனில் கழுத்தைப் படம் பிடிப்பதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. 40, 25, 10 என்று குறைத்தோம். சாப்பாட்டில் ஒரே ஒரு விதி: காலை உணவு தவறக் கூடாது. இட்லியோ, மரச்சீனிக் கிழங்கோ, எதுவானாலும். காலை வயிறு நிறைந்தபோது ராத்திரி சிப்ஸ் தானாகக் குறைந்தது. எடையைப் பற்றி நான் பேசவில்லை, அதை மருத்துவர் பார்த்துக்கொண்டார்.

எட்டாவது வாரம் செமினார் எடுத்தாள். போர்டில் எழுதும்போது கை நடுங்கியது, எழுத்து கோணியது, முடித்தாள்.

பதினோராவது சந்திப்புக்கு முன் ஒரு கல்யாணம். அதே அத்தை, அதே மாதிரி சடையை ஒதுக்கினார். "இன்னும் அப்படியே இருக்கே மக்ளே." இவளுக்கு நெஞ்சு படபடத்தது, எழுந்து போய்விடத் தோன்றியது. போகாமல் சொன்னாள்: "அது அழுக்கு இல்ல அத்தே. சுகர் வரப்போவுதுன்னு ஒடம்பு காட்டது. உங்க கழுத்துலயும் இருக்கு, பாத்தியளா?" அத்தை சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், "எந்த டெஸ்டுட்டி எடுக்கணும்?" என்று கேட்டாராம்.

இப்போது

ஐந்து மாதத்தில் 14 சந்திப்புகள். பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 5. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளிறியிருக்கிறது, போகவில்லை. முக க்ரீமைத் தோல் மருத்துவர் படிப்படியாக நிறுத்தினார். நடுவில் ஒரு மாதம் முகம் எரிந்து சிவந்து, அவள் ரொம்பவே தளர்ந்துபோனாள். இன்றும் சில நாள் போனை எடுக்கிறாள். பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் அந்த வாரம் முழுக்கப் பழைய வாக்கியங்கள் திரும்பி வருகின்றன, நோட்டை எடுக்கிறாள். தங்கைக்கும் பரிசோதனை செய்தாகிவிட்டது. அம்மா இன்னும் போட்டோவுக்கு நிற்பதில்லை. அவரிடம் நான் இன்னும் பேசவில்லை, பேச வேண்டும்.

கழுத்திலோ அக்குளிலோ இப்படிக் கறுப்பு இருக்கிறவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு தவறினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். யார் கண்ணிலும் படக் கூடாது என்று தோன்றத் தொடங்கினால் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், 2022இல் தொடங்கியது, இலவசம், இரவும் பகலும் பேசலாம், தமிழில் பேசலாம். நாரைப் பாத்திரம் தேய்க்க மட்டும் வையுங்கள்.